எஹீதோ: ஊர்ப்பொது நிலம்

மெக்சிகோவின் உழவர் போராட்டங்களைப் படிக்கும்போது ‘எஹீதோ’ என்ற ஸ்பானியச் சொல் அடிக்கடி எதிர்ப்படும். இதைக் ‘கூட்டுப் பண்ணை’ என்று எழுதினால் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் அவரவர் துண்டை அவரவர் குடும்பம்தான் உழுகிறது. காடும் மேய்ச்சலும் பொது. நிலத்தைப் பற்றிய முடிவுகளை உறுப்பினர்கள் சபையாகக் கூடி எடுக்கிறார்கள்.

‘வெளியே போ’ என்னும் லத்தீன் வினையில் பிறந்த சொல் இது. ஸ்பெயினில் ஊர் எல்லையை ஒட்டி உழாமல் விட்ட இடம் எஹீதோ; மாடுகள் அங்கே கூடும், கதிரடிக்கக் களம் போடுவார்கள். அந்தப் பழைய பொருளுக்கு ‘மந்தைவெளி’ அப்படியே பொருந்தும்.

மெக்சிகோவில் பொருள் வேறாகிவிட்டது. ஊர் நிலங்களைப் பெரும்பண்ணைகள் விழுங்கியதை எதிர்த்து உழவர் தலைவர் எமிலியானோ சபாத்தா, பறிபோன நிலத்தைத் திருப்பிக் கேட்டு, 1911இல் அயாலா திட்டத்தை அறிவித்தார். 1917 அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு நிலப் பகிர்வுக்கு வழி செய்தது. அதிபர் லாசரோ கார்தெனாஸ் ஆட்சியில் (1934–40) சுமார் 1.8 கோடி ஹெக்டேர் உழவர் கைக்குப் போனது. மகத்தான வெற்றி அது. ஆனால் பறிபோன பூர்வீக நிலத்தை மீட்க வேண்டுமென்றால் பழைய பத்திரம் காட்ட வேண்டும். அது கடினம் என்பதால் பழங்குடி ஊர்கள் பலவும் புதிதாக நிலம் கேட்டே மனுக் கொடுத்தன. கேட்டது உழவர் என்ற பெயரில். தங்கள் மண் என்ற உரிமை தாளில் ஏறவே இல்லை.

1992இல் அந்த 27ஆம் பிரிவுக்குத் திருத்தம் வந்தது. பகிர்வு நின்றது, துண்டுகளை விற்கவும் வழி திறந்தது. 1994 ஜனவரி 1 அன்று தென்கோடி மாநிலமான சியாபாஸில் மாயா பழங்குடி மக்கள் சபாத்தா பெயரில் ஆயுதம் ஏந்தியதற்கு இது முக்கியக் காரணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேரைப் பார்த்தால் ‘புறம்போக்கு’ வியக்கும்படி ஒத்துப்போகிறது. ஆனாலும் அதை ஏற்க முடியாது. புறம்போக்கில் குடியிருப்பவரை நம் அலுவலகங்கள் ஆக்கிரமிப்பாளர் என்கின்றன. எஹீதோ உறுப்பினருக்கோ பதிவேட்டில் பெயரும் சபையில் வாக்கும் உண்டு. ‘ஊர்ப்பொது நிலம்’ என்பதே சரியாக இருக்கும், உறுப்பினரைப் ‘பங்குக்காரர்’ எனலாம். பூர்வீக உரிமையாகவே அரசு ஏற்ற நிலத்துக்கு அங்கே ‘கொமுனிதாத்’ என்று வேறு பெயர் இருக்கிறது. அதைப் ‘பூர்வீகப் பொது நிலம்’ என்று பிரித்தே எழுத வேண்டும்.