படகில் தையல் மிஷின் ஓட்டுறீங்களா? முதலில் பேட்டரியைப் பாருங்க

ஜூலை கடைசி வாரம் வந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31-ல் முடியும். அந்த 61 நாளில் பாதி நாள் யாரும் வயரிங் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கடைசிப் பத்து நாளில் எல்லா போட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். போட்டு வயரிங், டைனமோ, பேட்டரி, இதுதான் என் தொழில். அப்படிக் கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு வேலையில் இருந்தபோது பக்கத்து ஆழ்கடல் போட்டிலிருந்து ஒரு தம்பி வந்து, "அண்ணே, இன்வெர்ட்டர் வாங்கியாச்சு, தையல் மிஷினும் ஓடுது, ஆனா திக்கித் திக்கி ஓடுது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார்.

போட்டில் தையல் மிஷின் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். தூத்தூர் பக்கத்துப் போட்டுகள் போனால் ஒரு மாதம், சில நேரம் நாற்பது நாள் கழித்துத்தான் கரை சேரும். வலை கிழிந்தால் வலை ஊசியை எடுத்துக் கையாலேயே முடிந்துவிடுவார்கள், அதற்கு மிஷின் தேவையே இல்லை. தார்ப்பாய்தான் தொல்லை. வெயிலில் வெந்து காற்றில் அடித்து ஓரம் முதலில் பிரியும், அப்புறம் ஒரே இரவில் நெடுக்காகக் கிழியும். இந்தத் தம்பிக்குக் கரையில் தையல் வேலை தெரியும், அதனால் வீட்டு மிஷினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல யோசனைதான்.

மிஷின் திக்குவதற்குக் காரணம் எனக்குப் போகும்போதே தெரியும். விலை குறைந்த இன்வெர்ட்டர் தருவது வீட்டு மின்சாரம் போல வளைந்து வரும் அலை அல்ல, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும் அலை. வீட்டு மிஷினில் பக்கத்தில் மாட்டுகிற சின்ன மோட்டார் அதில்கூட ஓடிவிடும், கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். ஆனால் காலால் அமுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக்குள் எலக்ட்ரானிக் சர்க்யூட் இருந்தால் அது அந்த அலையைப் பார்த்துக் குழம்பும், ஒன்று நிற்கும் அல்லது பாயும். அந்த வளைந்த அலையையே தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் போட்டால் சரியாகிவிடும். கம்ப்யூட்டர் போர்டு வைத்த மிஷின் என்றால் சைன் வேவ் இல்லாமல் தொடவே கூடாது.

ஆனால் என்ஜின் ரூமுக்குள் இறங்கிப் பார்த்தபோது அந்தத் திக்கல் எல்லாம் எனக்கு மறந்துபோனது. இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ட்டில் என்ஜின் ஸ்டார்ட் செய்கிற செட். அதில் ஒரே ஒரு பேட்டரியில் மட்டும் இன்வெர்ட்டரின் முதலை கிளிப் இரண்டும் கடித்துக்கொண்டு நின்றன. கிளிப்பின் பல் பட்ட இரண்டு புள்ளி கறுத்திருந்தது, செம்பில் அதற்குள் பச்சைக் களிம்பு. கையால் லேசாகத் தட்டினேன், ஒரு பொறி பறந்தது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய என்ஜின் ரூமில் அது காற்றோடு 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பொறி எங்கே பறக்கக் கூடாதோ அங்கேயே பறந்தது.

சரி, பொறியைவிட இந்த ஒரு பேட்டரி விஷயத்தைத்தான் நான் நிறையப் பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. 12 வோல்ட் வேண்டும் என்று ஜோடியில் ஒன்றிலிருந்து மட்டும் இழுத்தால், இழுத்தது காலியாகும், மற்றது நிறைந்தே இருக்கும். டைனமோவுக்கு இது தெரியாது, அது இரண்டுக்கும் சேர்த்து ஒரே கரண்டைத்தான் அனுப்பும். காலியானது எப்போதும் முழுதாக நிறையாது, நிறைந்தது மேலும் மேலும் ஏற்றப்பட்டுத் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். கொஞ்ச நாளில் இரண்டும் போய்விடும். "புது பேட்டரி, ஒரு வருஷம்கூட ஆகல, கம்பெனி சரியில்ல" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒன்றிலிருந்து மட்டும் எதாவது எடுக்கிறீர்களா என்பதுதான். 24 வோல்ட் செட்டுக்கு 24 வோல்ட் இன்வெர்ட்டர் வாங்குங்கள், இல்லையென்றால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

அதுவும் ஸ்டார்ட்டிங் பேட்டரியிலிருந்து வேண்டாம். இதை நான் கெஞ்சியே சொல்வேன். கரையில் பேட்டரி இறங்கினால் பக்கத்து போட்டிலிருந்து ஜம்பர் வயர் வரும். ஐம்பது நாட்டிக்கல் மைலுக்கு அப்பால், இரவில் என்ஜினை நிறுத்திவிட்டு வலையோடு மிதந்துகொண்டிருக்கும்போது, கப்பல் ஒன்று நேராக வருகிறது என்று வையுங்கள். சாவியைத் திருப்பினால் என்ஜின் உயிர் வர வேண்டும். வி.எச்.எஃப். ஒயர்லெஸ்ஸில் 16-வது சேனலில் கூப்பிட்டால் குரல் போக வேண்டும், மேலே விளக்கு எரிய வேண்டும். பல போட்டுகளில் இது மூன்றும் அதே பேட்டரிதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து போன பிறகு, கடலில் தொடர்பு அறுந்துபோவது என்றால் என்ன என்று நம் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மிஷினுக்குத் தனி பேட்டரி வையுங்கள். 100 ஆம்பியர் ஹவர் ஒன்று போதும், அடிக்கடி இறக்கி ஏற்றினாலும் தாங்கும் டியூபுலர் வகை என்றால் இன்னும் நல்லது. அதற்கும் ஸ்டார்ட்டிங் செட்டுக்கும் நடுவில் ஐசொலேட்டர், அதாவது ஒன்றின் சார்ஜை இன்னொன்று இழுக்காமல் பிரித்து வைக்கும் கருவி, போட்டால் டைனமோ இரண்டையும் நிரப்பும், மிஷின் ஒன்றைத்தான் காலி செய்யும். தனி பேட்டரி 12 வோல்ட், என்ஜின் 24 வோல்ட் என்றால் ஐசொலேட்டர் ஆகாது, நடுவில் 24-லிருந்து 12-க்குச் சார்ஜ் செய்யும் யூனிட் வேண்டும்.

இனி கணக்கு. வீட்டு மிஷின் மோட்டார் சுமார் 100 வாட்ஸ். 12 வோல்ட்டில் அது 8 ஆம்பியருக்கு மேல், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 10 ஆம்பியர். விடாமல் ஒரு மணி நேரம் தைத்தாலும் 10 ஆம்பியர் ஹவர்தான், தைப்பவர் நிறுத்தி நிறுத்தித்தான் தைப்பார் என்பதால் அதுவும் ஆகாது. பெரிய செலவே இல்லை. ஆனால் தைத்து முடித்த பிறகு இன்வெர்ட்டரை அணைக்க மறந்து படுத்துவிட்டால், சும்மா இருக்கும்போதே அது அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை குடிக்கும். பத்து மணி நேரத்தில் தைத்ததற்குச் சமமாகப் போய்விடும். தையல் கடையில் இருக்கும் பெரிய மிஷினின் கிளட்ச் மோட்டாரைக் கொண்டுவராதீர்கள். அது 400 வாட்ஸ், கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வயர் விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். பேட்டரியிலிருந்து கேபினுக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் 10 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் வழியிலேயே செத்துவிடும். அதே வயரில் 40 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் போய்விடும், இன்வெர்ட்டர் பீப் அடித்து நின்றுவிடும், நீங்கள் பேட்டரியைத் திட்டுவீர்கள். 6 ஸ்கொயர் எம்.எம். போடுங்கள். வீட்டு வயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி வேண்டாம், என்ஜின் அதிர்வில் உள்ளுக்குள் ஒடியும். வெள்ளீயம் பூசிய பல இழை வயர் நல்லது. முறுக்கி டேப் சுற்றாமல், வயர் முனையில் லக் என்ற உலோக முனையை வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்யுங்கள். பாசிட்டிவ் வயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், கேபினுக்குள் போட்டால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆவதை அது காப்பாற்றாது.

இன்வெர்ட்டரிலிருந்து வரும் 230 வோல்ட்டைப் பற்றி ஒரு கசப்பான விஷயம். "ஆர்.சி.சி.பி. போட்டிருக்கேன் அண்ணே, 30 மில்லி ஆம்பியர், டெஸ்ட் பட்டன் அமுக்குனா விழுது" என்று ஒருவர் நம்பிக்கையோடு சொன்னார். ஆர்.சி.சி.பி. என்றால் கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை அறுக்கும் சுவிட்ச். அந்தப் பட்டன் விழுவதற்கு எர்த்தே தேவையில்லை. சின்ன இன்வெர்ட்டரின் வெளிவரும் இரண்டு முனையும் எர்த்தோடு சேராமல் மிதக்கும். உப்பு ஈரத்தில் மிஷினுக்குள் ஒரு முனை இரும்பைத் தொட்டிருந்து, நீங்கள் இன்னொரு முனையைத் தொட்டால், கரண்ட் உங்கள் வழியாகப் போய் ஆர்.சி.சி.பி. வழியாகவே ஒழுங்காகத் திரும்பும். கசிவு என்று அதற்குத் தெரியாது, விழாது. நியூட்ரலை எர்த்தோடு இணைத்தால்தான் அது வேலை செய்யும், ஆனால் சில இன்வெர்ட்டர்களில் அப்படி இணைத்தால் உள்ளே எரிந்துவிடும். தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும், தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

அதனால் நான் சொல்லும் வழி, தளத்தில் 230 வோல்ட்டே வேண்டாம். மிஷினின் பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு 12 அல்லது 24 வோல்ட் டிசி மோட்டார் ஒன்றை, வேகக் கட்டுப்பாட்டுடன், அதே பெல்ட்டில் மாட்டலாம். இன்வெர்ட்டர் தேவையில்லை, ஈரக் கையோடு தொட்டாலும் உயிர் போகாது.

எந்தப் பிரஷ் மோட்டாரானாலும் கார்பன் தேயும் இடத்தில் சின்னப் பொறி வரும், மூடியைக் கழற்றிப் பார்த்தால் நீல நிறத்தில் தெரியும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, அடித்தட்டில் போய்த் தேங்கும். அடுப்புக்கும் சிலிண்டருக்கும் பக்கத்தில் மிஷினை வைக்காதீர்கள், கேஸ் வாடை வந்தால் சுவிட்சையே தொடாதீர்கள். தார்ப்பாய் மடித்த மூலையில் நாலு மடிப்பு வரும், அங்கே மோட்டாரை அமுக்கிப் பிடிக்காமல் கையால் சக்கரத்தைச் சுற்றி ஊசியை ஏற்றி இறக்குங்கள், சுற்றாமல் நின்ற மோட்டார் சீக்கிரமே கருகிவிடும்.

தைக்கத் தொடங்கும் முன் மீட்டரில் வோல்ட் பாருங்கள். ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, அதற்குக் கீழே தைக்க வேண்டாம். முடிந்தால் போட்டு ஓடும்போதே தையுங்கள், டைனமோ கூடவே நிரப்பிக்கொண்டு வரும்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார், தடைக்காலம் முடிய நாலு நாள்தான் இருந்தது. அவருடையது ஆரச் சக்கரம் உள்ள கறுப்பு மிஷின். அதற்குக் கைப்பிடி செட் கடையில் கிடைக்கும், சக்கரத்தில் மாட்டிக் கையால் சுற்றினால் போதும். ஒரு கை சுற்றுவதற்குப் போய்விடும், தார்ப்பாயைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், போட்டில் ஆளுக்கா பஞ்சம். முதலை கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பேட்டரி முனையைச் சூடான தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து வாசலின் தடவிவிட்டுக் கிளம்பினேன். ஆகஸ்ட் கடைசியில் கூப்பிட்டு, டேங்க் மூடும் தார்ப்பாய் இரண்டையும் தைத்துவிட்டதாகச் சொன்னார், என்ஜின் எப்படி என்று கேட்டேன், "ஒரே திருப்பு அண்ணே" என்றார்.