வென்ட்டட் ஹூட்: காற்று புகும் வழியா, போகும் வழியா?

வேகக் கார்களுக்கான பாகங்களில் 'வென்ட்டட் ஹூட்' என்று ஒன்று விற்கிறார்கள். எஞ்சினுக்கு மேலுள்ள மூடியில், உள்ளே தேங்கும் சூட்டுக்காற்று வெளியேறத் திறப்பு விட்டிருந்தால் அதற்குத்தான் அந்தப் பெயர். ஆனால் பானெட்டில் ஓட்டை என்றாலே எஞ்சினுக்குக் காற்று கொடுக்கத்தான் என்று எண்ணி வாங்குபவர்கள் ஏராளம். தவறான இடத்தில் திறப்புள்ள மூடியைக் காசு கொடுத்து மாட்டிக்கொள்வதும் அதனால்தான்.

முதலில் ஹூட். இது அமெரிக்க வழக்கு. நாம் சொல்லும் பானெட் பிரிட்டிஷ் வழக்கு. இரண்டுமே தலையில் அணிவதன் பெயர்கள். ஹூட் பழைய ஆங்கிலத்தின் 'ஹோட்', அதாவது முக்காடு. பானெட் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் தொப்பி தைக்கும் துணியைக் குறித்துப் பிறகு தொப்பிக்கே ஆகிவந்தது. பிரிட்டனில் ஹூட் என்றால் திறந்த காரின் மடக்குத் துணிக்கூரை. அங்குள்ள பாகப் பட்டியலில் 'ஹூட்' என்று தேடினால் கிடைப்பது கூரைத்துணிதான். தமிழ்ப் பேச்சில் பானெட்டும் டிக்கியும் எப்போதோ நிலைத்துவிட்டன. அவற்றைக் கிளப்பிவிட்டுப் புதுச்சொல் நட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வென்ட் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. லத்தீனில் 'வென்ட்டஸ்' என்றால் காற்று. சுவரின் உச்சியில் வைக்கும் வென்டிலேட்டரும் அதே வேரில் பிறந்தது. கோட்டின் பின்புறம் பிளந்து விட்டிருப்பதையும் ஆங்கிலத்தில் வென்ட் என்றே சொல்கிறார்கள். அது பிளவு என்று பொருள்படும் வேறொரு பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. காற்று, பிளவு என்ற இரு வேர்களும் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து சேர்ந்துவிட்டன. பானெட்டில் இருப்பதும் காற்றுக்கான பிளவுதான் என்பதால் எந்த வேரைப் பிடித்தாலும் பொருள் கெடாது. கெடுவது திசையில். காற்று உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்பதைச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை.

இதன் பங்காளிச் சொற்களில் லூவர் சுவாரசியமானது. சரிவாக வெட்டி நிமிர்த்திய தகட்டு வரிசைக்கு இப்போது அந்தப் பெயர். 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் நீண்ட பானெட்டில் பார்க்கலாம். இடைக்கால ஐரோப்பாவில் லூவர் என்பது, அடுப்புப் புகை வெளியேற வீட்டுக் கூரையின் உச்சியில் வைத்த சிறு கூண்டு. நம் மொழியில் சொன்னால் புகைபோக்கி.

தமிழுக்கு வருவோம். பழஞ்சொல் தேடுபவர்கள் உடனே எடுப்பது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகார் நகர மாளிகைகளைச் சொல்லுமிடத்தில் சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறது. அழகான சொல்தான், ஆனால் அது சன்னல். இரு பக்கமும் காற்று போய்வரும். பானெட்டுக்கு அதைச் சூட்டினால் பழைய குழப்பத்தையே தூய தமிழில் சொன்னதாக ஆகும். புகைபோக்கி என்று எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்லில் திசை அடங்கியிருக்கிறது. அதையொட்டி வென்ட்டைக் காற்றுப்போக்கி என்றும், எதிர்க்காற்றை உள்ளே வாங்கும் ஸ்கூப்பைக் காற்றுவாய் என்றும் பிரித்துக்கொள்ளலாம். ஏரிக்கு நீர் வரும் வரத்துக்கால் வேறு, மிகுநீர் வெளியேறும் கலிங்கு வேறு என்று பெயரிலேயே பிரித்து வைத்த மொழிக்கு இது புதிதல்ல. சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் பானெட்டில் மேடாகத் தெரிவது காற்றுவாய். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்க அதன் மேல் வைத்திருக்கும் இன்டர்கூலருக்குக் காற்றை இறக்குகிறது. அதன் நெடுநாள் போட்டியாளரான மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் பானெட்டில் இருக்கும் பெரிய வலைத்திறப்பு காற்றுப்போக்கி. நாசாவுக்கு முன்னோடியான அமெரிக்க அமைப்பு 1940-களில் உருவாக்கிய நாகா டக்ட், மேடில்லாமல் தகட்டுக்குள் பதிந்திருப்பதால் வென்ட் போலத் தோன்றும், அதுவும் காற்றுவாய்தான்.

இந்த மூடிகளை விற்கும்போது சொல்லும் 'ஆஃப்டர்மார்க்கெட்' என்பதைப் பின்சந்தை என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கார் தயாரித்த கம்பெனி அல்லாமல் வெளியார் செய்த சாமான் என்பதுதான் பொருள். வெளித்தயாரிப்பு என்றால் போதும்.

போக்கி எங்கே இருக்க வேண்டும்? ஓடும் காரின் மூக்கில் மோதும் காற்று மேலே ஏறி, பானெட்டின் முன்விளிம்பைத் தாண்டும்போது வேகமெடுக்கும். அங்கே அழுத்தம் குறையும். முன்கண்ணாடியை நெருங்க நெருங்க வேகம் தணிந்து அழுத்தம் ஏறும். ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் திறப்பு இருந்தால் மேலிருக்கும் குறைந்த அழுத்தம் உள்காற்றை உறிஞ்சி எடுக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் முன்னாலிருந்து இன்னும் அதிகக் காற்று அதன் வழியே பாயும். மூடியின் அடியில் அழுத்திக்கொண்டிருந்த காற்று போவதால் வேகத்தில் முன்பக்கம் தூக்குவதும் குறையும். திறப்புக்கு முன்னால் விரல் உயர விளிம்பு ஒன்று நிமிர்ந்திருந்தால் உறிஞ்சல் இன்னும் கூடும்.

கண்ணாடிக்கு அருகே திறந்தால் கதை தலைகீழ். 1970-ஆம் ஆண்டு செவ்ரோலெட் ஷெவெல் எஸ்எஸ் காருக்கு வந்த கௌல் இன்டக்ஷன் (முன்கண்ணாடியின் அடிப்பகுதியிலிருந்து காற்றெடுக்கும்) பானெட், அந்த அதிக அழுத்தத்தைத் தெரிந்தே பயன்படுத்தியது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் பின்விளிம்பில் ஒரு மடல் திறந்து எஞ்சினுக்குக் காற்றை இழுக்கும். பானெட்டின் பின்கீலில் வாஷர் வைத்துத் தூக்கிவிட்டுச் சூடு போகும் என்று நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிற்கும்போது சூடு மேலே கிளம்பும்தான். வேகத்தில் அதே இடுக்கு வழியே காற்று உள்ளே வரும்.

சந்தேகம் இருந்தால் பானெட் முழுக்கக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, ஓடும்போது படம் பிடித்துப் பாருங்கள். போக்கியின் வாயில் ஒட்டிய நூல் வெளியே எழும்பி நின்றால் வேலை நடக்கிறது. உள்ளே இழுபட்டால் அது காற்றுவாய், விற்றவர் எந்தப் பெயர் சொல்லியிருந்தாலும்.

வாங்கும்போது மூடியைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பது என் கட்டாயம். மேலே வலை, கீழே அடைத்த தகடு என்ற ஒப்பனைப் போக்கிகள் நிறைய உண்டு. கம்பெனி பானெட்டின் உள்சட்டத்தில் மோதலின்போது மடிவதற்கென்றே வரிப்பள்ளம் வைத்திருப்பார்கள். மலிவான ஃபைபர்கிளாஸ் மூடியில் அது இருக்காது, கீலும் பூட்டும் பொருந்தாமலும் போகலாம். எடை குறைந்த மூடிக்குப் பழைய பூட்டை மட்டும் நம்பாமல் இரு பக்கமும் ஹூட் பின் (மூடியைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் ஊசி) போடுவது நல்லது. கார்பன் ஃபைபர் என்றால் மேற்பூச்சு புற ஊதாக் கதிரைத் தாங்குமா என்று கேளுங்கள். தாங்காத பூச்சு மஞ்சளாகிப் பொருக்காக உதிரும்.

மழை இன்னொரு கவலை. நிறுத்தி வைத்த காரில் தண்ணீர் நேராகத் திறப்புக்குள் இறங்கும். மின்பாகங்களான ஆல்டர்னேட்டரும் இக்னிஷன் காயிலும் திறப்புக்கு நேர் கீழே இருந்தால் வடிதட்டு தேவை. 2020 ஷெல்பி ஜிடி500 மஸ்டாங்கின் பெரிய போக்கிக்கு அடியில் கழற்றக்கூடிய அலுமினியத் தட்டு ஒன்றைக் கம்பெனியே கொடுத்தது. ரேஸ் டிராக்கில் கழற்றிவிடலாம், சாலைக்கு வரும்போது மாட்டிக்கொள்ளலாம்.