டார்க் காமெடி: கறுப்பு நகைச்சுவையா, இருண்ட நகைச்சுவையா, அவலநகையா?

மர்மத் தொடர் ஒன்றில், கொலை நடந்த வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் நுழைகிறார். பிணத்தை எட்டிப் பார்க்கிறார். பிறகு, போன மாதம் இரவல் கொடுத்த ஏணியை வீடு முழுக்கத் தேடத் தொடங்குகிறார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மறுகணமே, ‘ஒரு மனுஷன் செத்துக் கிடக்கிறானே’ என்று உறுத்துகிறது. டார்க் காமெடி என்பது இந்தச் சிரிப்பும் உறுத்தலும் சேர்ந்ததுதான். சிரிப்பு மட்டும் வந்தால் அது வழக்கமான நகைச்சுவை. உறுத்தல் மட்டும் வந்தால் காட்சி தோற்றுவிட்டது.

இந்தச் சொல்லை இப்போது எதற்கும் ஒட்டிவிடுகிறோம். ரத்தம் தெறித்தாலும் டார்க் காமெடி, இரவுக் காட்சிகள் அதிகமாக இருந்தாலும் டார்க் காமெடி, அரசியல்வாதியைக் கிண்டலடித்தாலும் டார்க் காமெடி. விளைவு, ஒரே தொடரைப் பார்த்த இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள்.

பொருளை இப்படி வரையறுக்கலாம்: சாவு, கொலை, நோய், போர் போன்ற பெருந்துன்பத்தின் கனத்தைக் குறைக்காமல், அதைச் சுற்றி மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்திலிருந்து சிரிப்பை எடுப்பது. ‘கனத்தைக் குறைக்காமல்’ என்பதுதான் இதில் உயிர்நிலை. பிணத்தை மாடிப்படியில் உருட்டி, அலமாரிக்குள் ஒளித்துச் சிரிக்க வைப்பது கேலிக்கூத்து; அங்கே பிணம் வெறும் மூட்டை, யாரும் அதற்காக அழ வேண்டியதில்லை. அதிகாரத்தில் இருப்பவரின் குறையைக் குறிவைத்துக் குத்துவது அங்கதம். இன்னொரு படைப்பின் நடையைப் போலச் செய்து காட்டுவது பகடி. டார்க் காமெடி இவற்றைக் கடன் வாங்கிக்கொள்ளும். ஆனால் செத்தவர் ஒரு மனிதர், அவருக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதை அது ஒருபோதும் மறக்காது.

இனி, சொல் வந்த வழி. காமெடி என்பது கிரேக்கத்தின் ‘கோமோஸ்’ (களியாட்டம்), ‘ஓடே’ (பாட்டு) இரண்டும் சேர்ந்து பிறந்தது. அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில், நகைப்புக்குரியது ஒரு குறை, ஆனால் வலியோ அழிவோ தராத குறை என்று வரம்பு கட்டினார். நகை நாடக முகமூடியை அதற்குச் சான்றாகக் காட்டினார்: கோணலாகவும் அவலட்சணமாகவும் இருக்கும், வலியைக் காட்டாது. அந்த இலக்கணப்படி பார்த்தால் டார்க் காமெடி என்ற தொடரே ஒரு முரண். இதில் வலி இருந்தே ஆக வேண்டும்.

‘ஹியூமர்’ என்ற சொல்லின் பயணம் இன்னும் சுவையானது. லத்தீனில் அதற்கு ஈரம், நீர்மம் என்று பொருள். ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று உடலில் நான்கு நீர்மங்கள் ஓடுவதாகப் பழைய ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. கரும்பித்தம் மிகுந்தால் மனச்சோர்வு. ‘மெலங்கோலி’ என்பதே கிரேக்கத்தில் கரும்பித்தம்தான். ஆக, ‘கறுப்பு ஹியூமர்’ என்பது பழைய மருத்துவனுக்குச் சிரிப்பின் பெயராக இருந்திருக்காது. துயர நோயின் பெயராகவே இருந்திருக்கும்.

இலக்கியச் சொல்லாக அதை நிலைநிறுத்தியவர் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெதோன். அவர் தொகுத்த கறுப்பு நகைச்சுவைத் திரட்டு 1940-இல் அச்சானது. நாஜிகளுக்கு இணங்கிப் போன விஷி அரசு அதைத் தடுத்து வைத்தது. தொகுப்பை அவர் தொடங்கியது ஜோனதன் ஸ்விஃப்டிலிருந்து. அயர்லாந்து ஏழைகளின் பசிக்குத் தீர்வாக, அவர்களின் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்கலாம் என்று கணக்குப் போட்டு, 1729-இல் நிர்வாக அறிக்கை நடையில் துளியும் சிரிக்காமல் எழுதியவர் அவர். அந்தச் சிரிக்காத முகம் இந்த வகையின் அடையாளமாகவே நின்றுவிட்டது. 1962-இல் ஜே. எல். ஸ்டையன் எழுதிய நாடக ஆய்வு நூல் ‘டார்க் காமெடி’ என்ற பெயரையே தலைப்பாகக் கொண்டது. 1965-இல் புரூஸ் ஜே ஃப்ரீட்மனின் தொகுப்பு ‘பிளாக் ஹியூமர்’ என்ற பெயரை அமெரிக்க வாசகர்களிடம் பரப்பியது. இன்றைய பேச்சில் ‘பிளாக்’, ‘டார்க்’ இரண்டுக்கும் பொருளில் வேறுபாடு இல்லை.

இதோடு குழப்பக் கூடாத ஒன்று, ஜெர்மானியர் ‘கால்கன்ஹூமோர்’ என்பது, அதாவது தூக்குமேடை நகை. திங்கட்கிழமை காலை தூக்குக்கு அழைத்துச் செல்லப்படும் கைதி, ‘வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது’ என்கிறான். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட் எடுத்தாண்ட புகழ்பெற்ற உதாரணம் இது. இங்கே சிரிப்பது துன்பப்படுகிறவனே. ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்ற குறள் பேசுவதும் இந்த வகைத் துணிவைத்தான். டார்க் காமெடியில் துன்பப்படுகிறவர் பெரும்பாலும் சிரிப்பதில்லை. தன் நிலைமை வேடிக்கையானது என்பதுகூட அவருக்குத் தெரியாது. சிரிப்பு முழுவதும் பார்ப்பவர் பக்கம் இருக்கிறது. உறுத்தல் வருவதும் அதனால்தான்.

தமிழில் இதற்கு மூன்று நான்கு பெயர்கள் புழங்குகின்றன. ‘கறுப்பு நகைச்சுவை’ நேர் மொழிபெயர்ப்பு, ஆனால் நம் மொழியில் அது தவறான திசைக்கு இழுக்கிறது. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்பது தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் உரியியல். பழந்தமிழில் கறுப்பு என்றால் கோபம். கண் சிவத்தலைப் போலவே முகம் கறுத்தலும் சினத்தின் குறி. சாவையோ துயரத்தையோ அது சுட்டுவதில்லை. இன்றைய வாசகருக்கோ, ‘கறுப்பு’ மனிதரின் தோல் நிறத்தை நினைவூட்டும். ‘இருண்மை நகைச்சுவை’ அழகாக ஒலிக்கிறது. ஆனால் புதுக்கவிதை விமர்சனத்தில் இருண்மை என்பது எளிதில் விளங்காத தன்மையைக் குறிக்கும் கலைச்சொல்லாகிவிட்டது. இருண்மை நகைச்சுவை என்றால் புரியாத நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘இருண்ட நகைச்சுவை’ புரியும், ஆனால் எது இருண்டது என்று சொல்லாது.

பொருத்தமானது ‘அவல நகைச்சுவை’. விமர்சனங்களில் ஏற்கெனவே புழங்கும் சொல் இது. சுருக்கமாக ‘அவலநகை’ எனலாம். இதன் வலிமை, இரண்டு பகுதிகளும் நம் சுவைக் கோட்பாட்டின் சொற்கள் என்பது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் எண்ணும் எட்டுச் சுவைகளில் அவலமும் உண்டு, நகையும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் மோதும் நிலையை இந்தக் கூட்டுச்சொல் அப்படியே சொல்லிவிடுகிறது. கறுப்பு, இருட்டு என்று நிறத்துக்குப் போகவே தேவையில்லை.

உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தொடரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் (ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளுதல்). அழுகை பிறக்கும் இடங்கள்: இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை. அச்சத்துக்கு: அணங்கு (தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). நல்ல அவலநகை மர்மத்தொடர் இழவில் தொடங்கும். கள்வரும் இறையும், அதாவது குற்றவாளியும் விசாரணை அதிகாரமும், அச்சத்தைத் தரும். நடுவில் மாட்டிக்கொண்ட சாதாரண மனிதர்களின் பேதைமையும் மடனும் சிரிப்பைத் தரும். எள்ளலைக் கவனமாகக் கையாள வேண்டும். கொன்றவரை எள்ளலாம், தன் சாமர்த்தியத்தில் மிதக்கும் துப்பறிவாளரை எள்ளலாம். இழந்து நிற்பவரை எள்ளினால் பார்வையாளர்கள் கைவிட்டுப் போய்விடுவார்கள்.

பார்த்தவர்கள் சொல்லும் கருத்துகளைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

‘சிரிக்கறதா அழறதான்னே தெரியல’ என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த வகை வெற்றி பெற்றதற்கான சான்று அதுதான். ‘இதுல காமெடி எங்க இருக்கு?’ என்று கேட்பவர் பெரும்பாலும் சைகைக்காகக் காத்திருந்தவர். வழக்கமான நகைச்சுவைத் தொடரில் இசை மாறும், சிரிப்பொலி வரும், நடிகர் ஒரு நொடி நிறுத்துவார். இங்கே அவை எதுவும் இருக்காது. 1972 முதல் 1983 வரை ஓடிய ‘மேஷ்’ என்ற அமெரிக்கப் போர்க்கள மருத்துவமனைத் தொடரில் சிரிப்பொலி சேர்க்கப்பட்டது. ஆனால் அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் அது வைக்கப்படவில்லை. அதே தொடரை பிபிசி சிரிப்பொலியே இல்லாமல் ஒளிபரப்பியது. சிரிப்பொலியை எடுத்துவிட்டால் அதே வசனம் வேறு கனத்தில் வந்து விழும்.

‘கொலையை வெச்சு காமெடியா?’ என்ற கோபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆய்வாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும். ஒரு மீறல் நடக்க வேண்டும். அது தீங்கற்றது என்றும் அதே கணத்தில் தோன்ற வேண்டும். அப்போதுதான் சிரிப்பு வரும். தீங்கற்றது என்ற உணர்வைத் தருவது தொலைவு: காலத் தொலைவு, இடத் தொலைவு, இது கற்பனை என்ற தொலைவு. வீட்டில் அண்மையில் இழவு கண்டவருக்கு அந்தத் தொலைவு இல்லை. அவரிடம் ‘உனக்கு ரசிக்கத் தெரியல’ என்று வாதாடுவது அறிவீனம். மறுபக்கம், சிரிப்பவர்கள் எல்லாம் ஈரமற்றவர்கள் என்பதும் சரியல்ல. வியன்னாவில் 156 பேரிடம் 12 கருத்துப்படங்களைக் காட்டி நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. இந்த வகை நகைச்சுவையை நன்றாகப் புரிந்து அதிகம் ரசித்தவர்களிடம் மூர்க்கம் குறைவாகவே இருந்தது.

‘ரொம்ப ஸ்லோ’ என்ற புகாரில்தான் மர்மக் கதைக்கே உரிய நுட்பம் ஒளிந்திருக்கிறது. திறமையான எழுத்தாளர் தடயத்தைச் சிரிப்புக்கு அடியில் புதைக்கிறார். சிரிக்கும் இரண்டு மூன்று நொடிகளில் மனம் எதையும் சோதிப்பதில்லை. ஏணியைத் தேடும் அந்த ஆள், ‘நேத்துகூட மொட்டைமாடியில பார்த்தேனே’ என்று முணுமுணுத்தால், நேற்று அவர் அங்கே இருந்தார் என்பது பதிவாகிவிட்டது, யாரும் கவனிக்காமலேயே. கிளைமாக்ஸில் அது திரும்பி வரும்போது, சிரித்துக் கடந்துவிட்டோமே என்று பதறுகிறோம். இங்கே நகைச்சுவை கதையை நிறுத்தி வைப்பதில்லை. அதுதான் கதையைத் தூக்கிப் போகிறது. எந்தத் தடயத்தையும் சுமக்காத வேடிக்கைக் காட்சிகள் அடுக்கடுக்காக வந்தால் மட்டுமே ‘ஸ்லோ’ என்பது நியாயமான புகார்.

1958-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொகுப்பில் வந்த ஒரு கதை இதற்கு இன்றும் பாடம். கணவன் தன்னை விட்டுப் போகப்போவதாகச் சொன்னதும், மனைவி உறைந்து கல்லாகிக் கிடக்கும் ஆட்டுத்தொடையால் அவனை அடித்துக் கொன்றுவிடுகிறாள். பிறகு அதை அடுப்பில் வேகவைத்து, விசாரிக்க வந்த போலீஸ்காரர்களுக்கே பரிமாறுகிறாள். ஆயுதம் நம் மூக்குக்கு அடியிலேயேதான் இருக்கும் என்று பேசிக்கொண்டே அவர்கள் அதைத் தின்று தீர்க்கிறார்கள். பின்னணி இசை கோமாளித்தனம் செய்வதில்லை, யாரும் முகத்தைக் கோணுவதில்லை. கொலை கொலையாகவே இருக்கிறது. சிரிப்பு, கடமையில் மூழ்கிய அந்த மனிதர்களின் பேதைமையிலிருந்து வருகிறது.

தோற்கும் தொடர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தோற்கின்றன: தொனியை எப்போது அறிவிப்பது என்பதில். முதல் அத்தியாயத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு சாவும் அதை ஒட்டிய ஒரு சிரிப்பும் வந்துவிட வேண்டும். மூன்று அத்தியாயம் கனத்த துயரமாகப் போய்விட்டு நான்காவதில் வேடிக்கை வந்தால், அது பாத்திரங்களுக்குச் செய்த துரோகமாகப் படும். ‘பாதியில டிராக் மாறிடுச்சு’ என்று பார்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். பலியானவரின் வலியை நீளமாகக் காட்டிவிட்டு உடனே சிரிக்கச் சொல்வதும் இதே வகைப் பிழை. வலி சுருக்கமாக, தெளிவாக இருக்க வேண்டும். நீள வேண்டியது அதன் பின்விளைவு.

இதே பேச்சில் அடிபடும் மற்ற சொற்களையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். மர்மம், சமஸ்கிருத ‘மர்மன்’ என்பதிலிருந்து வந்தது, பொருள் உயிர்நிலை. வர்மக்கலையில் உள்ள வர்மமும் அதே சொல்தான். திரில்லரின் வேரான ‘திரில்’ பழைய ஆங்கிலத்தில் துளைத்தலைக் குறித்தது. ‘திகில்’ பேய்க்கதைக்கே பொருந்துவதால், திரில்லரைத் திரில்லராகவே விட்டுவிடுவது நல்லது. ‘ரெட் ஹெரிங்’ என்பது புகையூட்டிச் சிவந்த மீன். அதன் வாடையால் வேட்டைநாய்களைத் தடம் மாற்றிய கதையை ஆங்கில இதழாளர் வில்லியம் காபெட் 1807-இல் எழுதினார். தமிழில் பொய்த்தடயம் என்றால் போதும்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ‘அவலநகை மர்மத்தொடர்’, ‘அவல நகைச்சுவைத் திரில்லர்’ இரண்டும் வகையைக் குறிக்கும். ‘அவலமான நகைச்சுவை’ என்று ‘ஆன’ சேர்த்துவிட்டால் அது வசவு. மட்டமான, பார்க்கச் சகிக்காத காமெடி என்றாகிவிடும். பாராட்ட நினைத்து எழுதிய கருத்து இந்த ஒரு விகுதியால் தலைகீழாகும். ‘அவலம் கலந்த நகைச்சுவை’ என்பதும் முழுப் பொருத்தமில்லை. அது துயரமும் மகிழ்ச்சியும் மாறி மாறி வரும் கதைக்குப் பொருந்தும். இரண்டும் ஒரே காட்சியில், ஒரே வசனத்தில் வந்தால்தான் அவலநகை.