கறுப்புக் குதிரையா, கமுக்கக் குதிரையா?

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒரு தேநீர்க் கடையில், நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை ஒருவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். "கறுப்புக் குதிரையாக வந்து கோப்பையைத் தட்டிச் சென்றது" என்ற வரி வந்ததும், எதிர் பெஞ்சில் ரசவடையைப் பிய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, "அப்ப கள்ளக்களி களிச்சு ஜெயிச்சானுவளாக்கும்?" என்று கேட்டார். விளையாட்டைக் 'களி' என்று சொல்லும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் கள்ளக்களி என்றால் ஏமாற்று ஆட்டம். வாசித்தவர் சிரித்தார். ஆனால் பெரியவரின் பிழை அன்று அது, மொழிபெயர்ப்பின் பிழை.

'டார்க் ஹார்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரைத்தான் நம் செய்தித்தாள்கள் 'கறுப்புக் குதிரை' ஆக்கின. அத்தொடரில் வரும் 'டார்க்' குதிரையின் நிறத்தைக் குறிப்பதன்று. அதைப் பற்றி வெளியே ஒன்றும் தெரியாது என்பதையே குறிக்கிறது. முன்பு ஓடிய ஓட்டங்களைக் கொண்டு எடைபோட முடியாததும், பந்தயம் கட்டுவோர் கணக்கில் எடுக்காததுமான குதிரை அது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான டிஸ்ரேலி, 1831இல் வெளியான தம் நாவல் ஒன்றில், யாரும் நினைத்தும் பாராத ஒரு குதிரை பார்வையாளர் மேடையைக் கடந்து பாய்ந்து வெல்வதை இத்தொடரால் விவரித்தார். 1844 மே மாத இறுதியில் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் மாநாட்டில், ஒன்பதாம் சுற்று வாக்கெடுப்பில் வேட்பாளராகி, பிறகு அதிபராகவும் ஆன ஜேம்ஸ் போல்க்கை அந்நாட்டு அரசியலின் முதல் 'டார்க் ஹார்ஸ்' என்பார்கள். குதிரை லாயத்துச் சொல் அரசியலுக்கும் விளையாட்டுக்கும் பரவிய வழி இது.

தமிழில் 'கறுப்பு' வேறொரு சுமையைத் தூக்கி வருகிறது. கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என்று, அவையும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவையே என்றாலும், பல்லாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, பொருட்பெயருக்கு முன்னால் அந்த அடை வந்தாலே கணக்கில் காட்டாதது, கள்ளத்தனமானது என்ற பொருள் நம் காதில் ஏறிவிட்டது. ஆகவே, எதிர்பாராமல் வென்ற ஒருவரைக் கறுப்புக் குதிரை என்று பாராட்டும்போதே, அவர்மேல் ஒரு சந்தேகத்தையும் தூவிவிடுகிறோம்.

சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. எதிர்பாராத வெற்றிகளில் சில உண்மையிலேயே மோசடிதான். அதற்கு ஆங்கிலத்தில் 'ரிங்கர்' என்று தனிச்சொல் உண்டு. வேகமான குதிரையை மந்தமான குதிரையின் பெயரில் ஓடவிட்டுப் பந்தயப் பணத்தை அள்ளுவது அதன் வழி. நல்ல நாணயத்தை வாங்கிக்கொண்டு கள்ள நாணயத்தை மாற்றிக் கொடுப்பதைக் குறித்த பழைய கொச்சை வழக்கிலிருந்து இச்சொல் வந்தது. உயிரோடு புதைபட்டவர் இழுத்து அடிக்கட்டும் என்று, சவப்பெட்டிக்குள்ளிருந்து கயிறு விட்டு மேலே மணி கட்டிய கதையை இதற்கு வேர் என்று சொல்வார்கள். அது வெறும் கட்டுக்கதை.

போல்க் வேட்பாளரான அதே மே மாதத்தில், சில நாட்கள் முன்னதாக, இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் 'ரன்னிங் ரெயின்' என்ற குதிரை முதலாவதாக வந்தது. மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமேயான பந்தயம் அது. வென்றதோ 'மக்காபியஸ்' என்ற நான்கு வயதுக் குதிரை என்ற புகார் நீதிமன்றம் ஏறியது. குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று நீதிபதி சொன்னார். குதிரை வரவே இல்லை. வெற்றி, இரண்டாவதாக வந்த 'ஆர்லாண்டோ'வுக்குப் போயிற்று.

குதிரையை ஏன் கேட்டார் என்பது மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்கு விளங்கும். மூக்கணாங்கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழுதட்டை விலக்கி, இரண்டு பல் போட்டதா, நாலு பல் போட்டதா, கடை சேர்ந்ததா என்று பார்த்துத் தரகர் வயது சொல்வதைப் போலவே குதிரைக்கும் சொல்லலாம். மூன்று வயதையொட்டி நடுப்பல் இணையும், நான்கையொட்டி அதற்கடுத்த இணையும் நிலைப்பற்களாக மாறியிருக்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. பந்தயத்தில் ஜெயித்ததைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த வகையில் இன்றளவும் பேசப்படுவது 1984 ஆகஸ்ட் 18 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்தது. 'ஃபைன் காட்டன்' என்ற சுமாரான குதிரையின் பெயரில் 'போல்ட் பெர்சனாலிட்டி' என்ற தேர்ந்த குதிரையை இறக்கினார்கள். நிறம் ஒத்துவராததால் தலைச்சாயம் பூசினார்கள். கால்களில் இருக்க வேண்டிய வெள்ளைக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஒன்றுக்கு முப்பத்து மூன்றாக இருந்த பந்தய விகிதம், பணம் வந்து குவிந்ததால், ஓட்டம் தொடங்குமுன் ஒன்றுக்கு மூன்றரையாகச் சரிந்தது. மட்டமான குதிரைமேல் இத்தனை பேருக்கு இத்தனை நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் மோசடியை முதலில் காட்டிக்கொடுத்தது. கால் பெயின்ட் வழிந்தது பிறகு. கூட்டம் மாறாட்டம், மாறாட்டம் என்று கூச்சலிட்டது.

கூட்டத்தின் கூச்சலை 'மாறாட்டம்' என்று எழுதியது என் விருப்பம். ஆனால் அதுவே பொருத்தமான தமிழ். தேர்விலும் பத்திரப் பதிவிலும் ஆள்மாறாட்டம் என்ற குற்றப்பெயர் நமக்குப் பழக்கமானதால், 'மாறாட்டக் குதிரை' உடனே புரியும். நம் கடலோரக் கால்பந்துப் போட்டிகளில் வெளியூர்க்காரனை உள்ளூர்க்காரன் பெயரில் இறக்கினால் அவனையும் 'மாறாட்டக்காரன்' எனலாம். இதைவிடச் சுவையான சொல் வேண்டுமென்றால் 'நரிப்பரி' இருக்கிறது: மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கிப் பாண்டியனிடம் ஒப்படைக்க, இரவில் அவை மீண்டும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்த கதை தெரியாத தமிழர் குறைவு. திருவிளையாடலை மோசடிக்குப் பெயராக்குவது தகுமா என்று கேட்பவர்கள் மாறாட்டக் குதிரையோடு நின்றுகொள்ளலாம்.

'டார்க் ஹார்ஸ்' என்பதற்குத்தான் சரியான சொல் கிடைக்காமல் இருந்தது. 'அறியாக் குதிரை' என்றால், அறியாப் பிள்ளை போல, ஒன்றும் தெரியாத குதிரை என்று ஆகிவிடும். 'மர்மக் குதிரை' துப்பறியும் கதைத் தலைப்பாகத் தோன்றுகிறது. நான் பரிந்துரைப்பது 'கமுக்கக் குதிரை'. கமுக்கமா இருந்து காரியத்தை முடிச்சிட்டான் என்று தென்மாவட்டங்களில் சாதாரணமாகச் சொல்வோம்; அதில் மறைவு உண்டு, வியப்பும் உண்டு, குற்றச்சாட்டு மட்டும் இல்லை.

இந்த இரண்டிலும் அடங்காத வெற்றியும் உண்டு. 1967இல், தடுப்புகளைத் தாண்டி ஓடும் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில், இருபத்து மூன்றாம் தடுப்பருகே ஓட்டியில்லாத குதிரை ஒன்று குறுக்கே பாய, முன்னால் போன குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டி நின்றன. வெகு பின்னால் வந்துகொண்டிருந்த 'ஃபோய்னாவன்' இடைவெளி பார்த்து முதல் முயற்சியிலேயே தாண்டி, ஒன்றுக்கு நூறு விகிதத்தில் வென்றது. அதன் பல்லையோ நிறத்தையோ யாரும் சோதிக்கவேண்டியிருக்கவில்லை; மெதுவாக ஓடியதால் கிடைத்த அந்த வெற்றி எல்லார் கண்ணெதிரிலும் நடந்தது. அந்தத் தடுப்பை இன்றும் ஃபோய்னாவன் என்றே அழைக்கிறார்கள்.