பூட்டிக் கிடக்கும் மனையும் 12 வருஷக் கணக்கும்

2018-இல் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். மதுரை ஒத்தக்கடை தாண்டி ஐந்தரை சென்ட் மனை வாங்கிப் போட்டிருந்தார். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அவர் பெயரில் சுத்தமாக இருந்தன. மனையில் இருந்தது மட்டும் வேறொருவர். பக்கத்து மனைக்காரர் முதலில் மாடு கட்டக் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறார். அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அப்புறம் சுற்றிலும் கம்பி வேலி, கரன்ட் கனெக்‌ஷன், இரும்பு கேட்.

"பத்திரம் என்கிட்டதானே சார் இருக்கு. எங்க போயிடப் போகுது?" என்றார். கொட்டகை போட்டது எந்த வருஷம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கவலை வந்தது அந்தப் பதிலைக் கேட்டுத்தான்.

நம் ஊரில் பலருக்கு இது தெரிவதில்லை. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 65-வது இனத்தின்படி, உங்கள் சொத்தை ஒருவர் உங்களுக்கு எதிராக அனுபவிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் சுவாதீனம் கேட்டு, அதாவது சொத்தைத் திரும்ப உங்கள் கைவசம் ஒப்படைக்கக் கேட்டு வழக்குப் போட வேண்டும். போடாமல் விட்டால், அதே சட்டத்தின் 27-வது பிரிவின்படி அந்தச் சொத்தில் உங்கள் உரிமையே அழிந்துவிடுகிறது. கையில் பத்திரம் அப்படியே இருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் உரிமை இருக்காது. அது அனுபவித்தவரிடம் போய்விடும். இதைத்தான் எதிரிடை அனுபவ உரிமை என்கிறோம். 2019-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு படி மேலே போய், இப்படி உரிமை பெற்றவர் அதைத் தற்காப்பாகச் சொல்லலாம் என்பதோடு, தானே வாதியாக வந்தும் வழக்குப் போடலாம் என்று தீர்ப்பளித்தது.

இந்தச் சட்டம் நேர்மையாக இருக்கிற உரிமையாளரைத் தண்டிக்கிறது, இதை மாற்றுவது பற்றி மத்திய அரசு யோசிக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் 2023-இல் வந்த சட்ட ஆணையத்தின் 280-வது அறிக்கை, மாற்றம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அதனால் 12 வருஷக் கணக்கு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, 12 வருஷம் ஒரு இடத்தில் இருந்துவிட்டால் போதுமா? போதாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர் 20 வருஷம் ஆகிவிட்டது என்று வீட்டைச் சொந்தம் கொண்டாட முடியாது. அவர் உள்ளே வந்ததே உங்கள் அனுமதியோடு. வாடகைதாரராக இருந்துகொண்டே, வாடகைக்கு விட்டவரின் உரிமையை மறுக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. வாடகையை முறையாக முடித்துவிட்டு, அதன்பின் 12 வருஷம் எதுவும் செய்யாமல் இருந்தால்தான் சிக்கல். 11 மாத ஒப்பந்தம் போடுவதே குடியிருப்பவர் உரிமை கேட்காமல் இருக்கத்தான் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையான காரணம், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும் என்பதுதான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தின்படி, எந்த வாடகையையும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

காவலாளும் அப்படித்தான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் அடிக்கடி இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்தவர், வேலைக்காரர், இரக்கப்பட்டுத் தங்கவிட்ட உறவினர் ஆகியோர் எத்தனை காலம் இருந்தாலும் உரிமை பெற முடியாது என்று 2012-இல் கோவா வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் காவலாள்தான் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் அப்பா வாய்வார்த்தையாகத் தங்கச் சொன்னதற்குச் சாட்சி இன்று யார்? ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் வழக்கே வந்திருக்காது. மாதச் சம்பளத்தை வங்கி மூலம் போட்டிருந்தாலும் உதவியிருக்கும்.

பிறந்த வீட்டில் பங்குள்ள பெண்களுக்காக இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "அண்ணன் முப்பது வருஷமா அனுபவிச்சுட்டான், இனி உனக்கு ஒண்ணுமில்ல" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரர் இருப்பது எல்லாப் பங்குதாரர்களும் இருப்பதற்குச் சமம். உங்கள் பங்கை வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்குத் தெரிந்து, அதற்குப் பின் 12 வருஷம் ஓடியிருந்தால்தான் அவர் எதிரிடை அனுபவம் பேச முடியும். அதை நிரூபிப்பது அவர் வேலை. இந்தப் பேச்சை நம்பி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு என்னிடம் வந்த பெண்கள் உண்டு. அதன்பின் செய்வதற்கு அதிகம் இருக்காது.

உண்மையான ஆபத்து, யார் அனுமதியும் இல்லாமல் வெளிப்படையாக வந்து, வேலி போட்டு, தன் சொத்துபோல நடந்துகொள்பவரிடமிருந்துதான் வருகிறது. பெரும்பாலும் அது பக்கத்து மனைக்காரர். ஒவ்வொரு வருஷமும் வேலி ஓரடி நகரும்.

நோட்டீஸ் விட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். வக்கீல் நோட்டீஸோ காவல் நிலையத்தில் வாங்கிய மனு ரசீதோ இந்த 12 வருஷ ஓட்டத்தை நிறுத்தாது. வழக்குதான் நிறுத்தும். அதிலும் என்ன வழக்கு என்பது முக்கியம். சுவாதீனம் கையை விட்டுப் போன பிறகு வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிராளி தலையிடக் கூடாது என்ற தடை உத்தரவு) கேட்டு வழக்குப் போட்டு, ஏழெட்டு வருஷம் நடத்தித் தோற்றுவிட்டு வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். உரிமை விளம்புகையும் (சொத்து எங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது) சுவாதீன மீட்பும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

ஆள் வைத்துக் காலி செய்யவும் கூடாது. அத்துமீறி வந்தவராக இருந்தாலும், நிலையாக உட்கார்ந்துவிட்டவரைச் சட்டப்படிதான் வெளியேற்ற வேண்டும். நீங்கள் பலத்தால் வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் அவர், 'குறித்த தீர்வுகள் சட்டம்' (Specific Relief Act) 6-வது பிரிவில் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வரலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற கேள்வியே எழாது.

அரசு நிலத்துக்கு இந்தக் கணக்கு 30 வருஷம். புறம்போக்கில் குடியிருப்பவர்கள் பி மெமோ ரசீதுகளைப் பத்திரம்போல அடுக்கி எடுத்து வருவார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்வது எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்கு விதித்த தண்டம். அதைக் கட்டுவதே நிலம் அரசுடையது என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அவர்களுக்கு வழி இருக்கிறதென்றால், நீர்நிலை அல்லாத நிலத்துக்கு அரசிடம் மனைப் பட்டா கேட்பதுதான்.

மஸ்கட்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கூகுள் எர்த்தில் பழைய வருஷங்களின் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும். 2006 படத்தில் மனையில் வெறும் முள்செடி. 2008 படத்தில் கூரை தெரிந்தது. 12 வருஷம் முடிந்ததா இல்லையா என்பது அந்த இரண்டு படங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதமே பிராது தாக்கல் செய்தோம்.

எதிருரையில் பக்கத்து மனைக்காரர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். இது தன் பூர்வீகச் சொத்து, அப்படி இல்லாவிட்டாலும் நெடுங்கால அனுபவத்தால் தனக்கே சொந்தம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எதிரிடை அனுபவம் கேட்பவர், சொத்து இன்னாருடையது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தத் தேதியில் வந்தேன், எப்படி வந்தேன், உரிமையாளருக்குத் தெரியும்படி எப்படி அனுபவித்தேன் என்று சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணையில் அவரால் ஒரு வருஷத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை. அவர் தாக்கல் செய்த மின் இணைப்பு ரசீதில் இருந்தது 2010. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஆனால் அந்தத் தேதியை அவர் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

வெளியூரில், வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே மனை வைத்திருப்பவர்களே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு நாளை இதற்காக ஒதுக்குங்கள். சர்வேயரை வைத்துப் புலப்படத்தின்படி (நிலத்தின் அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) அளந்து நான்கு மூலையிலும் கல் நடுங்கள். முடிந்தால் வேலியும் போடுங்கள். யாராவது உள்ளே இருந்தால், அவர் எப்போது வந்தார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதி வையுங்கள். அவர் இருப்பதில் உங்களுக்குச் சம்மதமென்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். சம்மதமில்லை என்றால், திரும்ப விமானம் ஏறுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.