மழையில்தான் ஏசி வேண்டும்

குன்னூரிலிருந்து இறங்கும் வழியில் தடுப்புச் சுவரில் மோதிய இன்னொரு காரை மேட்டுப்பாளையத்தில் உள்ள என் பட்டறைக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். உள்ளே ஈரம் படிந்து மங்கிய முன்கண்ணாடியைக் கையால் துடைத்த விரல் தடங்கள் அப்படியே இருக்கின்றன. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஏசி போடவில்லையா என்று ஓட்டியவரிடம் கேட்டேன். "மழையில், அதுவும் இந்தக் குளிரில் எதற்கு ஏசி?" என்றார்.

ஒவ்வோர் ஐப்பசியிலும் இதே பதில்தான். ஏசி குளிர வைப்பதற்கு மட்டுமல்ல, ஐயா! கோடையில் வண்டியை நிறுத்தினால் அடியில் சொட்டுகிறதே தண்ணீர், அது காருக்குள் இருந்த காற்றின் ஈரம். ஐந்து பேர் மூச்சு, நனைந்த சட்டை, சொட்டும் குடை என்று உள்ளே சேரும் ஈரத்தை இழுத்து வெளியேற்ற ஏசிதான் நல்ல வழி. குளிர்ந்தால் ஏசியை அணைக்காதீர்கள். வெப்பத் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்புங்கள். ஏசியும் ஹீட்டரும் சேர்ந்தே ஓடலாம். ஏசி ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்கித் தரும். வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். காருக்குள் அம்பு வளைந்திருக்கும் படம் போட்ட பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். கையால் துடைக்கவே துடைக்காதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். எதிரே வரும் விளக்கொளி அதில் பட்டுச் சிதறினால் சாலையே தெரியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள்.

சென்னையின் புழுக்கமான இரவில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஏசியால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் மங்கும். அப்போது வைப்பரைப் போட்டு, கண்ணாடியில் படும் குளிர்காற்றைக் குறையுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? உள்ளே விரல் வைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் உட்பக்கம்.

எவ்வளவு செய்தும் மங்கிக்கொண்டே இருந்தால் கால் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். கீழே ஈரமாக இருந்தால் ஏசித் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். இனிப்பான வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டரில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தயவுசெய்து, மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்திலேயே இந்தப் பொத்தான்களை ஒருமுறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஏசி வேலை செய்யாத வண்டியா? இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கொஞ்சம் இறக்குங்கள், நனைந்தாலும் பரவாயில்லை. அப்படியும் தெரியவில்லை என்றால், வளைவு தாண்டி அகலமான இடத்தில் ஓரம்கட்டி, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, கண்ணாடி தெளியும்வரை காத்திருங்கள்.