இது எந்த மெஷினுக்கான ஃபைல்?

பில்ட் உடைந்ததும் டெர்மினலின் கடைசி வரியை காப்பி செய்து தேடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கிராஸ் கம்பைலில், அதாவது ஒரு வகை மெஷினில் உட்கார்ந்து வேறு வகை மெஷினுக்குப் புரோகிராம் கட்டும்போது, அது பெரும்பாலும் வீண் வேலை. பில்டை ஓட்டும் மேக் என்ற கருவி ஒரே சமயத்தில் எட்டு, பத்து வேலைகளை ஓட்டிக்கொண்டிருக்கும். ஒன்று விழுந்த பிறகும் மற்றவை முடியும்வரை எழுதித் தள்ளும். கடைசியில் நிற்கும் "எரர் 2" வெறும் ஒப்பாரிதான். செத்தது யார் என்பது இருநூறு வரி மேலே இருக்கும். அதனால் அந்த ஒரு பேக்கேஜை மட்டும் மைனஸ் ஜே1 (ஒரு நேரத்தில் ஒரே வேலை), வி=1 (கட்டளைகளை முழுதாகக் காட்டு) கொடுத்துத் திரும்ப ஓட்டுவேன். கம்பைலருக்குப் போன முழுக் கட்டளையும் கண்ணில் பட்டால் பாதி விஷயம் வெளிச்சமாகிவிடும்.

எக்ஸ்86 பிராசஸர் உள்ள லேப்டாப்பில் உட்கார்ந்து ஆர்ம் பிராசஸர் உள்ள போர்டுக்கு பேக்கேஜ் கட்டுகிறோம். பில்ட்டுக்கு நடுவில் ஓட வேண்டியவை லேப்டாப்புக்கானவை, கடைசியில் கிடைப்பவை போர்டுக்கானவை. இரண்டும் ஒரே டைரக்டரியில் புழங்குவதால் கலந்துவிடுகின்றன. "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" வந்தால் பயப்பட வேண்டாம். சோர்ஸ் கோடை உருவாக்கித் தரும் குட்டி புரோகிராம் ஒன்றை ஆர்முக்குக் கம்பைல் செய்துவிட்டு, அதை லேப்டாப்பிலேயே ஓட்டப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். அதை மட்டும் லேப்டாப்பின் கம்பைலரான ஜிசிசியால் கம்பைல் செய்ய வைக்க வேண்டும். பல பேக்கேஜ்களில் சிசி_ஃபார்_பில்ட் அல்லது ஹோஸ்ட்சிசி என்ற வேரியபிள் இதற்கென்றே இருக்கும்.

கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃபில் பெயர்க் குழப்பம் வேறு. பில்ட் என்பது லேப்டாப், ஹோஸ்ட் என்பது போர்டு. டார்கெட் என்பது கம்பைலர் போன்ற கருவிகளைக் கட்டும்போதுதான் தேவை. போர்டின் பெயரை டார்கெட்டில் கொடுத்துவிட்டு விழிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நானும் விழித்தவன்தான்.

அப்புறம், கட்டுவதற்கு முன் சிஸ்டத்தைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் செய்யும் ஊகங்கள். "ஆர்பிஎல்_மாலக்" என்ற ஃபங்ஷனைக் காணோம் என்று, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்க்கர் சொல்லும். அது எந்த லைப்ரரியில் இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. அப்படி ஒரு லைப்ரரியே இல்லை. மெமரி ஒதுக்கும் மாலக் ஃபங்ஷனிடம் 0 பைட் கேட்டால் நல் (வெற்று பாயின்டர்) வருமா, வராதா என்று பார்க்க கான்ஃபிகர் ஒரு சின்ன புரோகிராமை ஓட்டிப் பார்க்கும். கிராஸ் கம்பைலில் ஓட்ட முடியாது. அதனால் பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்கள் மோசமான பக்கத்தையே எடுத்துக்கொண்டு, மாலக் என்ற பெயரையே ஆர்பிஎல்_மாலக் என்று மாற்றிவிடும். அந்த மாற்று ஃபங்ஷனைப் பேக்கேஜ் எழுதியவர் தரவேண்டும். பல பேர் தருவதில்லை. லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரியான குளிப்சியில் இதற்கான விடை நமக்கே தெரியும் என்பதால், ஏசி_சிவி_ஃபங்க்_மாலக்_0_நான்நல் என்ற கேச் வேரியபிளில் யெஸ் என்று நாமே சொல்லிவிட்டால் போதும். கான்ஃபிகர் எங்கெல்லாம் இப்படி ஊகித்தது என்பது கான்ஃபிக்.லாக் ஃபைலில் அப்படியே பதிவாகியிருக்கும்.

இவையெல்லாம் உடைந்து காட்டுகிற பிழைகள். உடையாமல் போன ஒன்றில் எனக்கு மூன்று நாள் போயிற்று. பில்ட் பச்சை. போர்டில் ஏற்றினால் செக்மென்டேஷன் ஃபால்ட். கோடை வரிவரியாகப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் பில்ட் லாகைப் படித்தபோது, "ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்" என்று லிங்க்கர் ஒரே ஒருமுறை முணுமுணுத்திருந்தது. எப்போதோ என் லேப்டாப்பில், ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பை யூஎஸ்ஆர்/லோக்கலில் போட்டிருந்தேன். லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் அந்த இடத்தையே கைகாட்டியிருக்கிறது. லிங்க்கருக்கு எக்ஸ்86 லைப்ரரி பொருந்தாததால் அதை விட்டுவிட்டு, போர்டுக்கான ஃபைல்கள் வைத்திருக்கும் சிஸ்ரூட் டைரக்டரியில் இருந்த பழைய பதிப்பை எடுத்துக்கொண்டது. ஹெடர் ஃபைலிலோ எக்ஸ்86, ஆர்ம் என்ற பேதம் தெரியாதே, அது யூஎஸ்ஆர்/லோக்கலில் இருந்தே வந்துவிட்டது! ஹெடர் புதிது, லைப்ரரி பழையது. புதிய பதிப்பில் ஒரு ஸ்ட்ரக்சருக்கு ஒரு ஃபீல்டு கூடியிருந்தது. என் கோடு அந்த ஸ்ட்ரக்சருக்குப் புதிய அளவில் கணக்குப் போட, லைப்ரரி பழைய அளவில் போட்டது.

பிகேஜி_கான்ஃபிக்_பாத் கொடுத்துவிட்டோமே என்று நினைக்காதீர்கள். அது தேடும் இடங்களுக்கு முன்னால் இன்னொன்றைச் சேர்க்கும், பழையதை நீக்காது. பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர்தான் லேப்டாப்பின் இடங்களை அடியோடு மாற்றும். கூடவே பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர் வேண்டும். சிமேக் என்ற பில்ட் கருவியில் லைப்ரரிக்கும் இன்க்ளூடுக்கும் ஃபைண்ட் ரூட் பாத் மோடை ஒன்லி என்று வையுங்கள். எந்தக் கம்பைலர், எந்த சிஸ்ரூட் என்று சொல்லும் டூல்செயின் ஃபைலைப் பிறகு மாற்றினால் பில்ட் டைரக்டரியை அழித்துவிட்டே தொடங்குங்கள். பழைய கேச் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும்.

"மெஷின் ஏஆர்ச்64 நாட் ரெகக்னைஸ்ட்" என்று வந்தால் பேக்கேஜோடு வந்த, மெஷின் பெயர்களை அறியும் கான்ஃபிக்.சப் ஸ்கிரிப்ட் பழசு, புதியதை எடுத்துப் போடுங்கள். எக்ஸெக்இன்ஃபோ.எச் என்ற ஹெடர் இல்லை என்று வந்தால், கிராஸ் கம்பைலைத் திட்டுவதற்கு முன் உங்கள் சி லைப்ரரி குளிப்சிக்குப் பதில் மசுல் என்ற இன்னொன்றா என்று பாருங்கள். அதில் அந்த ஹெடரே கிடையாது.

வேறு பிராசஸருக்கான புரோகிராமை ஓட்டிக் காட்டும் க்யூஎமு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் லேப்டாப்பில் பேக்கேஜ் ஒழுங்காகக் கட்டியது, கூட வேலை செய்பவரின் மெஷினில் எக்ஸெக் ஃபார்மேட் எரர். "என்னுடையதில் ஒழுங்காகக் கட்டுகிறதே" என்று அவரிடம் வீம்பாகச் சொன்னேன். என்னுடையதில் க்யூஎமு யூசர் மோடும், ஆர்ம் ஃபைல் வந்தால் க்யூஎமுவிடம் தரச் சொல்லும் பின்எஃப்எம்டி_மிஸ்க் பதிவும் இருந்ததால் ஆர்ம் புரோகிராம்களைக் கெர்னல் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. இப்போது பில்ட் நடக்கும் மெஷினில் அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். பில்ட் முடிந்ததும் வெளியே வந்த ஒவ்வொரு பைனரியையும் பைனரியின் விவரம் காட்டும் ரீட்எல்ஃப் மைனஸ் எச் கட்டளையில் கொடுத்து, மெஷின் என்ற வரியைப் பார்க்க ஒரு ஸ்கிரிப்டும் வைத்திருக்கிறேன்.